தேவிகுளத்துக்குப் போன ஆர்மோனியம்: கம்பம் பள்ளத்தாக்கும் ஒரு சின்னக் கட்சியும்

போன வாரம் கேண்டீனில் அரசியல் பேச்சு. நான் தேனிப் பக்கத்துக்காரன் என்று தெரிந்த ஒரு நண்பன், "உங்க ஊர்ல செங்கொடி கட்டின டீக்கடை நிறைய இருக்கே, ஓட்டு மட்டும் எங்கடா போகுது? ரெண்டு சீட்டுக் கட்சிக்கு என்ன வரலாறு இருக்கப் போகுது?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அறைக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி விடவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நண்பன் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்ணிக்கை அவன் பக்கம்தான்.

1952-ல் அன்றைய சென்னை மாகாணத் தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 62 இடங்களைப் பிடித்தது. ஆந்திரமும் மலபாரும் நம்மோடு இருந்த காலம் அது. மதுரை வடக்கில் பி. ராமமூர்த்தி சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். மாநிலங்கள் பிரிந்த பிறகு, 1957-ல் அந்த எண்ணிக்கை 4 ஆனது. 1962-ல் 2. 1964-ல் கட்சியே இரண்டாக உடைந்தது. அதற்குப் பிறகு இரண்டு கட்சிகளுமே ஏதாவது ஒரு பெரிய கூட்டணியில் இருந்தால் சில இடங்கள், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்ற நிலைதான். 2011-ல் அ.தி.மு.க. கூட்டணியில் மார்க்சிஸ்டுகளுக்கு 10, இந்தியக் கம்யூனிஸ்டுகளுக்கு 9. ஐந்தே வருடம் கழித்து, 2016-ல் மக்கள் நலக் கூட்டணி என்று தனி அணி கட்டி நின்றபோது இரண்டுக்கும் பூஜ்யம். 2021-ல் தி.மு.க. கூட்டணியில் ஆளுக்கு இரண்டு.

எங்கள் மாவட்டம் இன்னும் கஷ்டம். 1962-லேயே நடிகர் எஸ்.எஸ்.ராஜேந்திரனைத் தேனியில் ஜெயிக்க வைத்த ஊர் இது. எம்.ஜி.ஆர். 1984-ல் நின்றது ஆண்டிபட்டியில். ஜெயலலிதா 2002-லும் 2006-லும் அதே ஆண்டிபட்டியில். ஓ.பன்னீர்செல்வம் பெரியகுளத்திலும் பிறகு போடியிலும். இத்தனை பெரிய ஆலமரங்களுக்குக் கீழே செங்கொடி எங்கே முளைக்கும்? 2011-ல் பெரியகுளம் தனித் தொகுதியில் மார்க்சிஸ்ட் கட்சியின் அ.லாசர் ஜெயித்ததை இங்கே பெரிய சம்பவமாகச் சொல்லலாம். அதுவும் கூட்டணிக் கணக்கில்தான்.

ஆக, நண்பன் சொன்னது சரி. சின்னக் கட்சிதான். ஆனால் அந்தச் சின்னக் கட்சியின் கதை எங்கள் ஊர் மலையடிவாரத்தோடு முடியவில்லை. அது மலை ஏறி அந்தப் பக்கம் போயிருக்கிறது.

மலைக்கு அந்தப் பக்கம்

தெரியாதவர்களுக்காக எங்கள் ஊர் அமைப்பைச் சொல்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கம் முழுக்க மலைச்சுவர். போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏறினால் மூணாறு. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு. கூடலூர் தாண்டி லோயர்கேம்ப் வழியாக ஏறினால் குமுளி. மேலே ஏலக்காய், தேயிலை. கீழே நெல், திராட்சை, வாழை. மேலே இருக்கிற தோட்டங்களில் வேலை செய்கிற கைகளில் பாதி கீழே இருந்து போனவை. இன்றைக்கும் விடியற்காலையில் கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஊர்களில் நின்று பாருங்கள். ஜீப்பு ஜீப்பாகப் பெண்கள் தூக்குவாளியோடு ஏலத்தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். எங்கள் தெருவிலேயே நாலைந்து வீட்டில் அப்படிப் போகிற அத்தைகள் இருக்கிறார்கள்.

1956 நவம்பர் 1-ல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, தமிழர்கள் அதிகமாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு போயின. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய பகுதிகள் இவை. தெற்கே கன்னியாகுமரி வந்தது, மேற்கே தேவிகுளம் வரவில்லை. அந்த வருத்தம் எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்னும் உண்டு.

அடுத்த வருடமே, 1957-ல், கேரளத்தின் முதல் சட்டமன்றத் தேர்தல். மொத்தம் 126 இடங்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்கு 60. ஆதரவு சுயேச்சைகள் 5 பேரைச் சேர்த்து 65. ஏப்ரல் 5-ம் தேதி ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சர் ஆனார். வாக்குச்சீட்டின் மூலம் ஒரு கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சிக்கு வந்ததை உலகமே திரும்பிப் பார்த்த நேரம். ஆனால் கணக்கைப் பாருங்கள். 65-க்கு 61. இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று பேர் சாய்ந்தால் ஆட்சி போய்விடும்.

தேவிகுளம் தொகுதியில் அந்தத் தேர்தலில் ஜெயித்தவர் ரோசம்மா புன்னூஸ். சுதந்திரப் போராட்டக்காரர் அக்கம்மா செரியனின் தங்கை. கேரள சட்டமன்றத்தில் முதன்முதலில் உறுதிமொழி எடுத்தவரும் இவர்தான், தற்காலிக சபாநாயகராக இருந்தவரும் இவர்தான். ஆனால் காங்கிரஸ் தொழிற்சங்கத் தலைவர் பி.கே.நாயரின் வேட்புமனுவைத் தள்ளுபடி செய்தது தவறு என்று தேர்தல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ரோசம்மாவின் வெற்றி செல்லாமல் போனது. 1958 மே மாதம் இடைத்தேர்தல்.

நிலச் சீர்திருத்தம், கல்வி மசோதா என்று ஆட்சிக்கு எதிராக எல்லாப் பக்கமும் புகைந்துகொண்டிருந்த நேரத்தில் இந்த இடைத்தேர்தல் வந்தது. ஜெயித்தால் ஆட்சிக்கு மூச்சு. தோற்றால் எதிரிகளுக்குக் கொண்டாட்டம். கட்சி பொறுப்பாளராக அனுப்பியது 34 வயது இளைஞர் ஒருவரை. பெயர் வி.எஸ்.அச்சுதானந்தன். ஆமாம், பின்னாளில் முதலமைச்சர் ஆன அதே வி.எஸ்.தான்.

பண்ணைபுரத்துக்காரர்

இப்போது ஒரு சிக்கல். தொகுதியில் ஓட்டுப் போடப் போகிறவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள். லயன் வீடுகளில் வாழ்கிறவர்கள். பேச வந்த தலைவர்களோ மலையாளத்துக்காரர்கள். மலையாளத்தில் நிலச் சீர்திருத்தத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினால் கொழுந்து பறித்துவிட்டு அலுத்து வந்தவர்களுக்கு என்ன புரியும்? துண்டறிக்கை கொடுக்கலாம் என்றால் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

அப்போதுதான் மலைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆர்மோனியம் மேலே போனது. பண்ணைபுரம் பாவலர் வரதராசன். கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் பாடிக்கொண்டிருந்தவர். இளையராஜாவின் மூத்த அண்ணன் என்று சொன்னால்தான் இன்றைக்குப் பலருக்கும் தெரியும். ஆனால் 1958-ல் நிலைமை நேர் தலைகீழ். ராசையா என்ற பையனைப் பாவலரின் தம்பி என்றுதான் ஊர் அறியும்.

பாவலர் செய்தது என்ன? ஜனங்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டை எடுத்துக்கொள்வார். நாட்டுப்புற மெட்டாக இருக்கலாம், ஊரெல்லாம் முணுமுணுக்கிற சினிமா மெட்டாகவும் இருக்கலாம். அதில் கூலியையும், கங்காணியையும், விலைவாசியையும், ஓட்டையும் வைத்து வரிகளை மாற்றிப் போடுவார். இடையிடையே கிண்டலாகப் பேச்சு. கேட்கிறவன் வீட்டுக்குப் போகும்போது மெட்டோடு விஷயத்தையும் எடுத்துக்கொண்டு போவான். மறுநாள் கொழுந்துக்கூடையோடு நிற்கும்போது அதே பாட்டு வாயில் வரும். இன்றைக்குக் கட்சிகள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்கிற வேலையை ஓர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்.

ரோசம்மா சுமார் 7000 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். முதல் தேர்தலைவிடப் பெரிய வித்தியாசம். வெற்றிக் கூட்டத்தில் ஈ.எம்.எஸ்., இந்த வெற்றி பாவலருடையது என்ற பொருளில் பேசினார் என்பது எங்கள் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பாட்டு மட்டுமே ஜெயிக்க வைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். தொழிற்சங்க வேலையும், அன்றைய ஆட்சிமேல் இருந்த நம்பிக்கையும் சேர்ந்த வெற்றி அது. ஆனால் அந்த நம்பிக்கையை அந்த மக்களின் மொழியில் சொல்ல, தமிழ்நாட்டில் நாலு எம்.எல்.ஏ. மட்டும் வைத்திருந்த ஒரு கட்சியின் பாடகர் தேவைப்பட்டார். இதுதான் என் நண்பனுக்கு நான் சொல்ல நினைத்த முதல் பதில்.

ஐந்தே மாதம்

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். "பார்த்தாயா, எங்கள் ஊர்க்காரர் ஓர் ஆட்சியையே காப்பாற்றினார்" என்று காலரைத் தூக்கிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் தேடிப் படிக்கப் படிக்க அடுத்த பக்கம் வந்தது.

1958 அக்டோபர். இடைத்தேர்தல் முடிந்து ஐந்து மாதம். மூணாறுப் பகுதியில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். கூலி, போனஸ் கோரிக்கைகள். அந்தப் போராட்டத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் தொழிலாளி உட்பட இரண்டு பேர் செத்தார்கள். ஆட்சியில் இருந்தது யார்? அதே ஈ.எம்.எஸ். அரசு. மே மாதம் யாருக்காகப் பாட்டுக் கேட்டுக் கைதட்டி ஓட்டுப் போட்டார்களோ, அந்த ஆட்சியின் போலீஸ்.

எனக்கு இதைப் படித்தபோது ஒரு மாதிரியாக இருந்தது. அரசு திட்டமிட்டுச் சுட்டது என்று நான் சொல்லவில்லை. அன்றைய போலீஸ் எந்த ஆட்சியிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருக்கும் என்றுகூட வாதாடலாம். ஆனால் சங்கத்தின் கொடியும் அரசின் கொடியும் ஒரே நிறமாக இருக்கும்போது, தொழிலாளி யாரிடம் போய் முறையிடுவான்? கட்சி சின்னதாக இருந்தவரை இந்தக் கேள்வியே வரவில்லை. ஜெயித்த பிறகுதான் வந்தது. அடுத்த வருடம், 1959 ஜூலை 31-ல், மத்திய அரசு அந்த ஆட்சியைக் கலைத்துவிட்டது. அது வேறு கதை. ஆனால் மூணாறில் எழுந்த கேள்வி கலையவில்லை.

சின்னதிலும் சின்னது

மலையின் இந்தப் பக்கம் வந்தால் சிக்கல் வேறு மாதிரி. இங்கே ஆட்சிக்கு வருகிற கவலையே கிடையாது. பிழைத்திருப்பதே கவலை. அதற்கு நல்ல உதாரணம் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் கிடைக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர் தா.பாண்டியன். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்து கட்சிக்கு வந்தவர். மேடையேறினால் கூட்டம் அசையாது.

1980-களில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்குள் ஒரு சண்டை. காங்கிரஸோடு நெருக்கமா, எதிர்ப்பா என்பதுதான் விஷயம். நெருக்கம் வேண்டும் என்றவர்களில் ஒரு பிரிவு டாங்கே பின்னால் போய் அகில இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஆனது. தமிழ்நாட்டில் எம்.கல்யாணசுந்தரம் வெளியே வந்தார். 1989-ல் சேலத்தில் கூடி இந்தத் துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்து ஐக்கியக் கம்யூனிஸ்ட் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்டன. மோகித் சென் பொதுச்செயலாளர். தா.பாண்டியன் தமிழ்நாட்டின் முக்கியத் தலைவர். அவர் 1989-லும் 1991-லும் வடசென்னையில் ஜெயித்து நாடாளுமன்றம் போனார். எந்தச் சின்னத்தில் என்று கேளுங்கள். காங்கிரஸின் கை சின்னத்தில்! ராஜீவ் காந்தியின் பேச்சுகளை மேடையில் மொழிபெயர்த்தவரும் இவர்தான். 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூர் குண்டுவெடிப்பில் படுகாயம் அடைந்து பிழைத்தார்.

பிறகு 2000-ல் தாய்க் கட்சிக்கே திரும்பி, 2005 முதல் பத்து வருடம் மாநிலச் செயலாளராக இருந்தார். 2021 பிப்ரவரியில் காலமானார். அவர் விட்டுவந்த ஐக்கியக் கம்யூனிஸ்ட் கட்சியை இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்? தன் கொடி ஒன்று, நிற்கிற சின்னம் இன்னொன்று என்றால், கொஞ்ச நாளில் ஜனங்கள் சின்னத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்.

பாவலர் குழுவின் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. தம்பிகள் 1960-களின் கடைசியில் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். 1976-ல் 'அன்னக்கிளி'. 1981-ல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தயாரித்த கம்பெனியின் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ். அண்ணன் பெயர் தியேட்டர் திரையில் வந்தது. அவர் பாடிய அரசியல் மேடை பின்னால் போய்விட்டது. கலைஞர்களுக்குச் சோறு போடவும் ஒரு கட்சிக்குக் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது.

அணை வந்தபோது

எங்கள் தலைமுறை கண்ணால் பார்த்த சோதனை முல்லைப் பெரியாறு. 1895-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணை இல்லாவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் கிடையாது. பென்னிகுவிக் படத்தைச் சாமி படத்தோடு மாட்டி வைத்திருக்கிற வீடுகள் உண்டு. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்றது. கேரளம் உடனே சட்டம் போட்டுத் தடுத்தது. அடுத்த சில மாதத்தில் அங்கே ஆட்சி மாறி முதலமைச்சர் ஆனவர் வி.எஸ்.அச்சுதானந்தன். தமிழ்த் தொழிலாளிகளிடம் தமிழ்ப் பாட்டோடு ஓட்டுக் கேட்க 1958-ல் பொறுப்பாளராக வந்தவர், இப்போது புது அணை வேண்டும் என்று கேட்கிற அரசின் தலைவர். இங்கே அதே மார்க்சிஸ்ட் கட்சியின் தமிழ்நாட்டுக் கிளை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பை அமல்படுத்து என்று கேட்டது. ஒரே கொடி, மலைக்கு இரண்டு பக்கமும் இரண்டு கோரிக்கை.

2011 டிசம்பரில் பள்ளத்தாக்கே தெருவுக்கு வந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். தடியடி நடந்தது. மலைப் பாதைகள் அடைபட்டன. மேலே வேலைக்குப் போயிருந்த தமிழ்க் கூலிகள் பயந்து இறங்கி வந்தார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்புகள் நின்றன. எங்கள் தெரு அத்தைகளுக்குக் கூலி போனது. 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் கேரளச் சட்டத்தைச் செல்லாது என்றது. அந்த நவம்பரில் தண்ணீர் 142 அடியைத் தொட்டது. ஊரில் பொங்கல் வைத்தார்கள்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. உலகத் தொழிலாளர் ஒற்றுமை பேசுகிற கட்சி, ஒரே மலையின் இரண்டு பக்கத்தில் இருக்கிற தன் ஆட்களையே ஒன்றாக உட்கார வைக்க முடியவில்லையே! மேலே ஆட்சியைக் காப்பாற்ற வேண்டும். கீழே நாலு ஓட்டைக் காப்பாற்ற வேண்டும். இரண்டு பக்கமும் காரணம் இருக்கிறது. நடுவில் மாட்டியது தூக்குவாளி.

91 வயதில் ஒரு வருகை

கடைசியாக ஒரு காட்சி. 2015 செப்டம்பர், மூணாறு. போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததை எதிர்த்துத் தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று அதற்குப் பெயர். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். நாள் கூலி 232 ரூபாயை 500 ஆக்கு என்றார்கள். கம்பெனியை எதிர்த்தது பெரிய விஷயமில்லை. இடது, வலது, காங்கிரஸ் என்று எந்தத் தொழிற்சங்கத் தலைவரும் எங்கள் பக்கத்தில் வரக்கூடாது என்றார்கள். அதுதான் பெரிய விஷயம். தொகுதியின் மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. வந்தபோது விரட்டினார்கள்.

அங்கே உட்கார இடம் கொடுக்கப்பட்ட அரசியல்வாதி ஒருவர் உண்டு. 91 வயது வி.எஸ்.அச்சுதானந்தன். 57 வருடத்துக்கு முன்னால் ரோசம்மாவுக்காக அந்த மலையில் தேர்தல் வேலை பார்த்தவர். அணை விஷயத்தில் எங்கள் ஊரில் அவர்மேல் கோபம் உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பெண்கள் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டதைச் சும்மா தள்ளிவிட முடியவில்லை. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத்தொகையுமாக மொத்தம் 20 கிடைத்தது. கூலி பிறகு 301 ரூபாய் ஆனது. அந்த நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமையே வேட்பாளர்களை நிறுத்திச் சில இடங்களில் ஜெயித்தது. கம்யூனிஸ்டுகளின் கோட்டையில் அவர்களைவிடச் சின்னதாக ஒரு புது அமைப்பு! அதுவும் பிறகு பிளவுபட்டுத் தேய்ந்தது. ரோசம்மா அதைப் பார்க்கவில்லை. 2013 கடைசியில், நூறு வயது கடந்து இறந்துவிட்டார். வி.எஸ். 2025 ஜூலையில் போனார்.

சரி, நண்பன் கேள்விக்கு வருகிறேன். ரெண்டு சீட்டுக் கட்சிக்கு என்ன வரலாறு?

எனக்குப் புரிந்தவரை இதுதான். சீட்டைப் பொறுத்தவரை அந்தக் கட்சி எங்கள் ஊரில் எப்போதும் சின்னதுதான். ஆனால் 1958-ல் லயன் வீட்டு வாசலில் ஆர்மோனியத்தோடு போய் நின்றபோது அது பெரிய வேலை செய்தது. அந்த வாசலை மறந்த நேரங்களில், ஆட்சியில் இருந்தும் சின்னதாகிப் போனது. இரண்டையும் சேர்த்துத்தான் வரலாறு என்று எழுத வேண்டும். கட்சிக்காரர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள். என் நண்பன் மாதிரி ஆட்கள் இரண்டையுமே கேட்பதில்லை.

அடுத்த முறை ஊருக்கு வந்தால் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வாருங்கள். ஜீப்பு ஏறுகிற பெண்களிடம் பேசிப் பாருங்கள். அவர்களில் யாருக்கும் பாவலரைத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இன்றைய கூலி எவ்வளவு, மேலே யார் சங்கம் நல்லது, யார் சங்கம் ஏமாற்று என்று ஒவ்வொருவரும் துல்லியமாகச் சொல்வார்கள். என் அத்தையிடம் நான் கேட்டேன். "கொடி கெடக்குது தம்பி, கூப்பிட்டா வர்றானா இல்லையான்னு பாரு" என்றார்.

நான் இரண்டாயிரம் வார்த்தையில் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.